ரோட்டுப் பக்கம் போன சுலைமான் பாய்

செவ்வாய்க்கிழமை காலையில் நான் காக்கிச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பொத்தான் துளையைச் சுற்றி நூல் கட்டுகிற வேலை அது. வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மணி அடிக்கவில்லை. எங்கள் தையல் கடைக் கணக்குப்பிள்ளை செருப்பைக் கழற்றாமல் நின்றபடி, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டார். அப்பா கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். "பாய் போயிட்டாரும்மா. விடியக்காலம்" என்றார். நான் கையில் இருந்த துளையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எழுந்தால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன் போலிருக்கிறது.

நம் தெருக் கையெழுத்துப் பத்திரிகைக்காகச் சுலைமான் பாயைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி அப்பாவிடம்தான் கேட்டீர்கள். அப்பா, "நான் அவரு பக்கத்துலதான் போனேன். பேச்சையெல்லாம் கேட்டது பின்னால ஒக்காந்திருந்த புள்ளதான்" என்று காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசியதில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அது ஏன் என்பதைப் படித்துக்கொண்டே வந்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

பாயின் குடும்பம் முதலில் மதுரைக்குள், பழைய கோட்டைப் பக்கம் இருந்தது. வீடு போதாமல் அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்பாவும் அவரும் தெற்கு மாசி வீதியில் ஒரே கடையில் தைத்தார்கள். பட்டாளத்துச் சட்டை வேலை மலைபோலக் குவிந்ததும் காஜா எடுக்க என்னையும் கடைக்குக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வருஷம், வாரத்தில் நான்கு நாள், அப்பாவின் சைக்கிள் கேரியரில் துணி மூட்டையோடு போனேன். பக்கத்திலேயே பாயின் சைக்கிள் வரும். பாய் எனக்கு மாமா முறை. அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். விமானத் திடல் போட்ட பிறகு பட்டாள லாரிகள் அதில் எப்படிப் போகின்றன என்பதும் தெரியும். பத்து லாரி சேர்ந்து வந்தால் கடைசி லாரி போய் வெகுநேரம் வரைக்கும் எதிரில் இருக்கும் புளியமரம் தெரியாது. முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் சட்டையைப் பிடித்த பிடியில் தோள்பட்டைத் தையல் பிரிந்தது. பாய் அதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, ஒம்மக அம்புட்டுப் பேரு முன்னால ஒன் தையல் லட்சணத்தக் காட்டிட்டா" என்றார். அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கண்ணைத் திறந்தேன்.

இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் ஏன் ஜோடியாகப் போகிறார்கள் என்று பலர் திட்டியிருக்கிறீர்கள். பாய்க்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. "ஒத்த சைக்கிளப் பாத்தா லாரிக்காரன் வேகத்தக் கொறைக்க மாட்டான், ஓரமா பள்ளத்துல தள்ளிட்டுப் போவான். ரெண்டு சைக்கிளா இருந்தா ஒரு நிமிசம் யோசிப்பான். அவன் யோசிச்சதும் நாம வழி விட்டுரணும். வழி விடாம மறிச்சா அது ரவுடித்தனம்" என்பார். அதற்கு இருவரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அப்பா ஓரத்தில் போவார். பாய் ரோட்டுப் பக்கம் போவார். வண்டி வந்தால் பாய் பிரேக்கைப் பிடித்து அப்பாவின் பின்னால் வந்துவிடுவார். வண்டி போனதும் மறுபடியும் பக்கத்தில் வருவார். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இது நடக்கும். பேச்சு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலிருந்தே தொடரும்.

பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பது என் வேலை. நான் திரும்பிப் பார்த்து "வண்டி!" என்று கத்த வேண்டும். ஹாரன் சத்தத்தை அவர்கள் நம்புவதில்லை. ஆடு மாட்டுக்கும் ஹாரன், கோழிக்கும் ஹாரன், தெரிந்தவர் நின்றால் அதற்கும் ஒரு ஹாரன். "எல்லா ஹாரனுக்கும் பின்னால போனா மத்தியானந்தான் கடைக்குப் போய்ச் சேருவோம். புள்ள சொன்னா மட்டும் போவேன்" என்றார் பாய். அதைக் கேட்டு அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாட்டு வண்டிகளுக்குப் பாய் மணி அடிக்க மாட்டார். வைக்கோல் வண்டிக்காரர் மேலே படுத்துத் தூங்கிக்கொண்டு வருவார். மணியடித்தால் மாடு மிரளும். பாய் இறங்கிப் பக்கத்தில் நடந்துகொண்டே, "அண்ணே, மாடு ரெண்டும் நல்லாத்தான் ஓட்டுதுக. நீங்க எந்திரிக்க வேணாம். லேசா ஓரமா வரச் சொல்லுங்க" என்பார். ஒருவர் முழித்துக்கொண்டு சாட்டையை ஓங்கியிருக்கிறார். பாயின் முகத்தைப் பார்த்ததும் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு வெற்றிலை கேட்டார்.

இனி சின்னையா அண்ணன். பெட்ரோல் கிடைக்காத இந்தச் சண்டைக் காலத்தில் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ்ஸின் டிரைவர். எழுமலைக்காரர். கரி பஸ் ஒரு தடவை வேகம் குறைந்தால் மறுபடியும் எடுப்பதற்குள் பாதிப் பேர் இறங்கி நடந்துவிடுவார்கள். அதனால் அவர் தூரத்திலேயே ஹாரன் அடிப்பார். எங்களைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, "பாய், ரோட்டுக்குப் பட்டா வாங்கிட்டீகளா?" என்று கேட்பார். "வாங்கிட்டேன் அண்ணே. பாதிய ஒங்க பேருல எழுதி வச்சிருக்கேன்" என்பார் பாய். இது தினமும் நடக்கும். இரண்டு பேருக்கும் சலிக்காது. நான் கத்தினால் பாய் ஒதுங்குவார் என்பது சின்னையா அண்ணனுக்கும் பழகிவிட்டது. என் முகம் பஸ் பக்கம் திரும்புவதைப் பார்த்தால் போதும், வேகத்தைக் குறைக்காமலே வருவார்.

வில்லாபுரம் தாண்டி ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே நாலைந்து இளவட்டங்கள் நிற்பார்கள். ஒரு நாள் அவர்களுக்கு எதிரில் வரும்போது லாரி ஒன்றைப் பார்த்து "வண்டி!" என்றேன். அவர்களில் ஒருவன் என் குரலைப் போலவே கீச்சென்று, "வண்டி! வண்டி!" என்றான். இன்னொருவன், "டேய், குயிலு கூவிருச்சுடா, ஒதுங்குங்க" என்றான். பாய் காலை ஊன்றி நின்றார். "ஆமப்பா, அது கூவுனாத்தான் நான் முழுசா வீடு போறேன். ஒங்களுக்கும் ஒண்ணு வேணுமா?" என்று கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. அதற்குப் பிறகு அந்த டீக்கடை வந்தாலே கை வேர்க்கும். எதிரில் போகும்போது வண்டி வரக்கூடாது என்று மீனாட்சியை வேண்டிக்கொள்வேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. பாயிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு முறை வைத்திருப்பார்கள். இரண்டு பேரும் துணியை வெட்டுவதற்கு முன் மூன்று தடவை அளப்பவர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் டீக்கடைக்கு நாலு பனை தூரத்தில் பின்னால் ஹாரன் கேட்டது. திரும்பினேன். கரி பஸ். சின்னையா அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். முன்னால் திரும்பினேன். டீக்கடையில் அந்த இளவட்டங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கீச்சுக் குரலில் கத்தியவன் டம்ளரோடு எங்களையே பார்த்தான். கடை தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பாய் ஜும்ஆத் தொழுகைக்கு நேரத்தோடு கடையிலிருந்து கிளம்புவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடை தாண்டியது. மறுபடியும் ஹாரன், என் முதுகுக்கு மேலேயே. நான் கத்தினேன். பாய் எப்போதும் போலப் பிரேக்கைப் பிடித்தார். பின்னால் வருவதற்கு இடம் இல்லை. பஸ் அங்கே இருந்தது. சின்னையா அண்ணன் முழுதாக வலது பக்கம் ஒடித்தார். பஸ் பாயைத் தொடவே இல்லை. புது ஜல்லியில் சக்கரம் வழுக்கிப் பாய் தலை மோத விழுந்தார். பஸ் ரோட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கி நின்றது.

அப்பா முன்னால் பார்த்துக்கொண்டு மிதித்தவர். பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒரு குலுக்கல் மட்டும். ஓடி வந்தவர்கள் கீழே கிடந்த பாயையும் கோணிக்கொண்டு நின்ற பஸ்ஸையும் பார்த்தார்கள். சின்னையா அண்ணனை இழுத்துப் போட்டு அடித்தார்கள். டீக்கடை இளவட்டங்கள்தான் முதலில் அடித்தார்கள். "ஹாரன் அடிச்சேன்யா, அந்தப் புள்ளயக் கேளுங்கய்யா" என்று அவர் கத்தினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அடிபட்ட கையோடு அவரேதான் பாயைத் தூக்கி ஒரு ஜட்காவில் ஏற்றினார்.

பெரியாஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை பாய்க்குக் கொஞ்சம் நினைவு வந்தது. அப்பா தண்ணீர் வாங்கப் போயிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். "புள்ளயா?" என்றார். ஆமாம் என்றேன். "பயந்துட்டியா?" என்றார். நான் அழுதேன். அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "எனக்கும் தெனமும் பயந்தான் புள்ள. வீட்டு வாசல்ல காலத் தூக்கிப் போடும்போதே பிஸ்மி சொல்லிட்டுத்தான் ஏறுவேன். லாரிச் சத்தம் கேட்டா ஹேண்டில்பாரு ஈரமாயிரும்." பிறகு அப்பா வந்தார். பாய் அவரிடம், "மாப்ள, புள்ளய ஒண்ணும் கேக்காத" என்றார். எதைக் கேட்க வேண்டாம் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் தாமதமாகக் கத்தியது பாய்க்குத் தெரியும். போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதிக்கொள்ள வந்த நேரத்தில் அவருக்கு மறுபடியும் நினைவு இல்லை.

இப்போது சின்னையா அண்ணனுக்கு வேலை இல்லை. லைசென்ஸைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். வருகிற புதன்கிழமை விசாரணை. ஜெயில் என்று பேசிக்கொள்கிறார்கள். நீங்களும் அடக்கத்தன்று அவரைக் குடிகாரன் என்றும் கொலைகாரன் என்றும் பேசினீர்கள். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "மொதல்ல ரமீஜாட்டச் சொல்லணும்" என்றார். பாயின் மனைவி ரமீஜா அத்தை இத்தாவில் இருக்கிறார். நாலு மாதமும் பத்து நாளும் அவர் வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்கள் உள்ளே போக முடியாது. அப்பா வாசலோடு நின்றுவிட்டார். நான் தனியாகத்தான் உள்ளே போனேன். அத்தை வெள்ளைத் துப்பட்டியில் உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொன்னேன்.

"கத்துறதுக்கு வெக்கமா இருந்துச்சோ?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அத்தை துப்பட்டியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "அந்த டிரைவருக்கு எத்தன புள்ளைக?"

"மூணுன்னு சொல்றாக."

"அப்ப போய்ச் சொல்லு. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு வீட்டுல ஒக்காந்துக்காத. அது எனக்குப் பாரம்." நான் எழுந்தேன். "இன்னொண்ணு. கொஞ்ச நாளைக்கு எங் கண்ணுல படாத புள்ள. ஒன்னய வைய மாட்டேன். ஆனா பாக்க முடியாது" என்றார்.

அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். பாயைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவரைத் துணிச்சல்காரர் என்கிறீர்கள். இல்லை. அவர் என்னைப் போலவே பயந்தவர். ஆனால் ரோட்டுப் பக்கத்தை ஒரு நாளும் அப்பாவுக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பயத்தைத்தான். அதைப் போக்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதோடுதான் அவர் தினமும் ஏறி மிதித்தார்.

ராத்திரியெல்லாம் யோசித்து யோசித்து, புதன்கிழமை விசாரணையில் நான் சொல்லப் போவதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது. அதில் மூன்று வரிதான் இருக்கிறது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் பார்த்தேன். நான் சொல்லவில்லை.