அலமாரிக்குள் பேசியவள்

அவளை நினைத்தால் அவளுடைய முதுகுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. விடுதி அறையின் இரும்பு அலமாரிக்குள், தொங்குகிற சுடிதார்களுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, கையில் போனோடு குனிந்து நிற்கிற முதுகு. வெளியே மின்விசிறி கடகடக்கும். பக்கத்துக் குளியலறையில் வாளி உருளும். துணிகளுக்குள் நின்று பேசினால் இரைச்சல் அவ்வளவாக விழாது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள்.

மருத்துவப் படிப்பின் முதல் ஆண்டில் நானும் அவளும் ஒரே அறை. நான் தென்காசிக்காரி, ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். அவள் திருவேங்கடம் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம், அரசுப் பள்ளியில் தமிழ்வழி. உடற்கூறியலுக்குக் கல்லூரி ஒரு செயலி கொடுத்திருந்தது. விரலால் தொட்டால் எலும்பு சுழலும், தசை உரியும், நரம்பு மஞ்சளாக மின்னும். விளக்கம் சொல்கிற வெள்ளைக்காரரின் ஆங்கிலம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தாள். “இப்பம் குடிச்சிட்டு ஒளறுத மாதிரில்லா இருக்குட்டி” என்று சிரித்தாள். அன்றைக்குப் பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பாள். புத்தகத்தை ஒவ்வொரு வரியாக அகராதி வைத்துப் படிப்பாள். புரிந்ததும் அலமாரிக்குள் போய் அதைத் தனக்காகத் தமிழில் பேசிப் பதிவு செய்துகொள்வாள்.

“முழங்கைய எங்கயாவது இடிச்சா கரண்டு அடிச்ச மாதிரி சுள்ளுங்கும்லா? அந்த நரம்புதான் இது. இங்கன எலும்புக்குப் பின்னால வெறும் தோலுக்கு அடியில கெடக்கு. அங்கன இருந்து சுண்டுவிரலுக்குப் போவுது.”

நான் ஒரு பதிவை வாங்கிக் கேட்டேன். நான் இன்னொருத்திக்கு அனுப்பினேன். மாதம் ஒன்றாவதற்குள் வகுப்பில் பாதிப் பேர் காதில் அவள் குரல் இருந்தது. பையன்கள் அவள் பேசுவதைப் போலப் பேசிக் கேலி செய்தார்கள்; தேர்வு நெருங்கியதும் அவர்களே, “அடுத்தது எப்பம் வரும்?” என்று வந்து நின்றார்கள். காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் எழுந்து போய் அலமாரிக்குள் தலையை விட்டாள்.

நாங்கள் எல்லோரும் தேறினோம். அவள் தேறவில்லை. எழுத்துத் தேர்வில் தப்பித்துவிட்டாள். வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டாள். தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டதெல்லாம் புரிந்ததாம். பதிலும் தெரிந்ததாம். தமிழில் வரிசையாக வந்து நின்ற பதிலை ஆங்கிலமாக மாற்றுவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முடிவு வந்தபோது விடுமுறைக்கு என் வீட்டில்தான் இருந்தாள். அம்மா ஒன்றும் கேட்காமல், “ரெண்டு பேரும் குத்தாலம் போயிட்டு வாங்க” என்றாள். பஸ் ஏறிப் போனோம். மலையில் நல்ல மழை, அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மாற்றுத்துணிப் பையோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். செம்மண் நிறத்தில் தண்ணீர் இடித்துக்கொண்டு விழுந்தது. தெறித்த சாரலில் அவள் முகம் நனைந்திருந்தது; அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“இவ்ளோ தண்ணி கொட்டுது. ஒரு வாளி மொண்டு ஊத்த விட மாட்டேங்கான், பாத்தியா” என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

துணைத்தேர்வு எழுதித் தேறினாள். ஆனால் எங்களோடு இல்லாமல், துணைத்தேர்வில் தேறியவர்களுக்கான தனி அணியில் சேர வேண்டியதாயிற்று. அறையும் மாறிப்போனது. அதன்பின் அவள் எதையும் பதிவு செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் முதலாண்டுக்கு உடற்கூறியல் நடத்துகிறேன். பாடங்களையெல்லாம் காணொளியாக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பச்சைத் திரைக்கு முன்னால் நின்று, விளக்குச் சூட்டில் வியர்த்து, யாருமில்லாத அறையில் ஆங்கிலத்தில் பேசுகிறேன். பிள்ளைகள் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு வருகைப்பதிவை வாங்கிக்கொள்கிறார்கள். இந்த வருடம் ராயகிரியிலிருந்து வந்த ஒரு மாணவி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். “மேடம், சீனியர் அக்கா ஒரு ஆடியோ குடுத்தாங்க. இது மட்டுந்தான் எனக்கு விளங்குது. பேசுதது யாருன்னு தெரியுமா? மிச்சப் பாடம் கெடைக்குமா?” போட்டுக் காட்டினாள்; என் அறைத்தோழியின் பழைய பதிவு. வாளி உருளும் சத்தம்கூட அப்படியே இருந்தது.

தோழியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். அங்கே இருந்த இன்னொரு மருத்துவர் மாறுதலாகிப் போனதால் இப்போது அவள் ஒருத்திதான். விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னுமா அத கேக்காளுவ?” என்றாள். பிறகு, “ஒறக்கமே பத்தலட்டி. சரி, ஒண்ணே ஒண்ணு பேசி அனுப்புதேன்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. மூச்சு விடுவதற்கான நரம்பு. குரல் தடித்திருந்தது. “இது கழுத்துல இருந்து கெளம்புது. நெஞ்சுக்குள்ள எறங்கி, இருதயத்த ஒட்டியே வந்து, கீழ உதரவிதானத்துக்கு...” அங்கே நின்றுவிட்டது. யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் கேட்டது, சீரான, ஆழ்ந்த மூச்சு. தூரத்தில் யாரோ, “டாக்டரம்மா” என்று கூப்பிட்டார்கள். ஒரு பெண் குரல், செவிலியாக இருக்கும், “ஏ, எழுப்பாதீய. இப்பந்தான் கண்ணசந்திருக்காவ” என்று அடக்கியது. விழித்தவள் கேட்டுப் பார்க்காமலே அனுப்பியிருக்கிறாள். நான் நிறுத்தாமல் கடைசிவரை கேட்டேன்.

மாலையில் அவளே கூப்பிட்டாள். “பாதியில தூங்கிட்டேன் போல. இரு, திரும்பப் பேசி அனுப்புதேன்.”

“வேண்டாம்ட்டி, நீ படு” என்றேன். “மிச்சத்த அந்தப் பிள்ளைக்கு நானே தமிழ்ல சொல்லிக்கிடுதேன்.”