கரண்டியை மாமாவிடம் கொடுக்காதீர்கள்

என் மாமா சுவருக்குக் காகிதம் ஒட்டுகிறவர். பூப்போட்டது, கோடு போட்டது, மூங்கில் காடு போட்டது என்று சுருள் சுருளாக விற்கிறார்களே, அதை ஆசையாக வாங்கிவிட்டு எப்படி ஒட்டுவது என்று விழிப்பவர்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருப்பு. இந்தத் தொழிலுக்கு வருமுன் வண்ண மீன் வளர்த்தார், மீன்கள் செத்தன. உடற்பயிற்சிக் கூடத்தில் ஆட்களைப் பயிற்றுவிக்கப் போனார். ஒரே வாரத்தில் இவருடைய முதுகு பிடித்துக்கொண்டது. இவர் கையில் பிழைத்தது சுவர் மட்டும்தான் என்பாள் அம்மா.

ஆனால் தொழிலில் ஆள் கெட்டி. பசையைக் கடையில் வாங்க மாட்டார். மாவையும் தண்ணீரையும் வாளியில் கொட்டி, அடுப்பில் ஏற்றித் தானே காய்ச்சுவார். துடுப்பைக் கையில் எடுத்தால் ஒரே திசையில், ஒரே வேகத்தில், கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருப்பார். போன் அடித்தாலும் எடுப்பதில்லை. கிண்டுவதை நிறுத்தினால் பசை கோபித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. ஒட்டி முடித்ததும் உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவு. ஒரு காற்றுக் குமிழ்கூட மிஞ்சாது.

தலை நரைக்கும்வரை அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் அந்த உள்ளங்கைதான் காரணம். தெரிந்தவர்கள் சொல்லி ஒரு டீச்சர் வீட்டுக்கு அம்மாவும் அவரும் போயிருந்தார்கள். டீச்சர் டீயோடு வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு என்னெல்லாம் பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். மாமாவின் கண்ணோ டீச்சரின் தலைக்கு மேலே சுவரில் உப்பியிருந்த ஒரு குமிழின் மேல். "ஒரு நிமிஷம்" என்று எழுந்துபோய்த் தடவ ஆரம்பித்துவிட்டார். தடவிய வேகத்தில் காகிதம் பிரிந்து, போர்வை மாதிரி டீச்சரின் மேல் விழுந்தது. "ஒட்டினவன் சரியில்லைங்க" என்று விளக்கம் வேறு. டீச்சர் காகிதத்துக்குள்ளிருந்தே விடை கொடுத்தாராம். அதற்கப்புறம் வந்த பேச்சுகளும் ஏறக்குறைய இதே லட்சணத்தில்தான் முடிந்தன.

நான் பல நாடுகளைச் சுற்றிவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார் மாமா.

"ஏய் ஊர்சுத்தி, நீ தாய்லாந்துல இருந்தியே, அந்த ஊர்ச் சமையல் தெரியுமா?"

"ஒரு ஹோட்டல் கிச்சன்ல வேலை பார்த்தேன் மாமா."

"அப்பாடா! கடவுள் இருக்கார்."

"பாத்திரம் கழுவுற வேலை."

முகம் தொங்கிப்போனது. "கழுவும்போது கண்ணை மூடிக்கிட்டா கழுவுன? பக்கத்துல என்ன பண்ணாங்கன்னு பார்த்திருப்ப இல்ல?"

விஷயம் இதுதான். ஒரு பல் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு மூங்கில் காடு ஒட்டப் போயிருக்கிறார். அங்கே ஒரு நர்ஸ். புருஷனோடு ஒத்துவராமல், அவனைக் கொண்டுபோய் அவன் அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர். மதியம் டப்பாவைத் திறந்து தாய்லாந்துப் பச்சைக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே, "கடையில சர்க்கரையை அள்ளிப் போடறாங்க, அவங்களே பல் டாக்டருக்கு ஆள் பிடிக்கற மாதிரி" என்று அலுத்துக்கொண்டிருக்கிறார். ஏணியில் நின்றிருந்த மாமா, அதுவரை பசையைத் தவிர வேறெதையும் காய்ச்சியறியாத மாமா, "நான் இதெல்லாம் வீட்டுலயே பண்ணிடுவேங்க. ஞாயித்துக்கிழமை வாங்களேன்" என்று சொல்லிவிட்டார்.

"எதுக்கு மாமா அப்படிச் சொன்னீங்க?"

"வாய் சொல்லிடுச்சு. அவங்க சரின்னுட்டாங்க." ஏணியிலிருந்து இன்னும் இறங்காதவர் போல நின்றார். "இது ஒண்ணாவது கைகூடணும்டி. எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு."

அன்றிலிருந்து எங்கள் சமையலறை அவர் வசம். எலுமிச்சைப்புல், சித்தரத்தை, பச்சை மிளகாய், கொத்தமல்லி வேர், உலர்ந்த இறால் விழுது. எல்லாவற்றையும் வைத்து இடித்தார். இறால் விழுதின் நாற்றத்துக்கு அம்மா ஜன்னல்களைத் திறந்தாள், பக்கத்து வீட்டார் மூடினார்கள். முதல் தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிந்த பிறகுதான் இடித்ததைப் போட வேண்டும் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. பதம் பார்ப்பது மாமாவின் பரம்பரைச் சொத்து மாதிரி வந்தது. இரண்டாம் முறையே குழம்பு நாக்கைச் சுண்டி இழுத்தது. கோழி, கத்தரிக்காய், துளசி இலைகள், கடைசியில் ஒரு சொட்டு மீன் சாஸ்.

"பாசி பிடிச்ச தொட்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

சிக்கல் சோற்றில். மல்லிகை வாசம் வருகிற அந்த அரிசியைக் களைந்து, அளவாகத் தண்ணீர் வைத்து, மூடிவிட்டால் அப்புறம் அதன் பக்கமே போகக் கூடாது. அங்கே ஹோட்டலில் யாராவது மூடியைத் தொட்டால் தலைமைச் சமையல்காரம்மா கையில் கிடைத்ததை எறிவார். அதைச் சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். பானையில் கொதி கேட்டதும் அவருடைய வலது கை தானாக எழுந்து, தானாக மூடியைத் திறந்து, தானாகக் கிண்டியது. ஒரே திசையில், ஒரே வேகத்தில், கட்டி தட்டாமல்.

"மாமா, கையை எடுங்க!"

"அடி பிடிச்சிடும்டி."

"பிடிக்காது!"

"இதோ, ஒரே சுத்து."

வெந்தது சோறில்லை. பானையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கீழே விழவில்லை. கரண்டிகளை ஒளித்து வைத்தேன். தூரிகையின் பிடியால் கிண்டினார். அம்மா சலித்துப்போய், "டேய், உனக்குக் கை இருக்கற இடத்துல துடுப்பு முளைச்சிருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா முகம் மழித்து, சென்ட் அடித்து, புதுக் கல்யாண மண்டபம் மாதிரி மணந்தார். குழம்பு தயார். பானையில் அரிசி முக்கால் வேக்காடு. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நான் காவல். அப்போது மணி அடித்தது. அம்மா குளியலறையில்.

"போய்த் திறங்க மாமா."

"கால் வரமாட்டேங்குது. நீ போ."

போனேன். நர்ஸைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தால், ஒரு கையில் மூடி, இன்னொரு கையில் கரண்டியோடு மாமா நிற்கிறார். பானையில் வெள்ளையாக, பளபளவென்று, நடுவில் கரண்டி நட்டுவைத்தால் நிற்கிற பக்குவத்தில் ஒரு வஸ்து.

"கை சும்மா இருக்கலை" என்றார் என்னிடம், மெதுவாக. "எதையாவது பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு."

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "இது என்னங்க?"

நான் முந்திக்கொண்டேன். "தாய்லாந்துல ஒட்டற அரிசின்னே ஒண்ணு இருக்குங்க. கையால உருட்டி, குழம்புல தொட்டுச் சாப்பிடுவாங்க. மாமா அதைத்தான் பண்ணியிருக்கார்."

"அப்படியா? நான் கடையில இதைப் பார்த்ததே இல்லையே!" நர்ஸின் கண் விரிந்தது. மாமா வெறுமனே வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான் கண்ணைக் காட்டினேன். அவர் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழப்பம் போய், வேலை பார்க்கும்போது வருகிற முகம் வந்துவிட்டது.

"இல்லைங்க" என்றார். "இது பசை."

"மாமா!"

"சும்மா இருடி. சோறா இருந்தா எனக்குத் தெரியாம போகலாம். பசை தெரியும்." நர்ஸைப் பார்த்தார். "ஏணியில நின்னு பொய் சொல்லிட்டேங்க. குழம்பு இந்த வாரம்தான் கத்துக்கிட்டேன். சோறு இன்னும் வரலை. ஆனா இது முதல் தரமான பசை. வேணா பாருங்க."

காய்கறி வாங்கி வந்த காகிதப் பையைக் கிழித்தார். பானையிலிருந்து வழித்து அதன் மேல் பூசி, சமையலறைச் சுவரில் வைத்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவு. எனக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "போச்சு" என்றாள்.

நர்ஸ் சுவருக்குக் கிட்டே போனார். காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பல்லில் கறையைச் சுரண்டிப் பழகிய கை அது. ஓரம் அசையவில்லை. விரலை நடுவில் ஓட்டிப் பார்த்தார். குமிழ் இல்லை.

"என் வீட்டு ஹால்ல ஒரு பக்கச் சுவர் முழுக்க உப்பிக்கிட்டு நிக்குது" என்றார். "முன்னாள் புருஷன் ஒட்டினது. வந்து பார்க்கறீங்களா?"

"வர்றேங்க. பிரிச்சுட்டுப் புதுசா ஒட்டிடலாம்."

"சரி, பசிக்குது. அந்தக் குழம்பை எடுங்க. சோறு நான் வைக்கறேன்." கரண்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தார். "இதை இவர் கண்ணுல காட்டாதீங்க."

புது அரிசி வேகும்வரை மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கொதி கேட்டபோது தோள் ஒருமுறை துடித்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தார். தோள் அடங்கியது.

இப்போது மாமா நர்ஸின் வீட்டில் இருக்கிறார். ஹாலில் மூங்கில் காடு, குமிழ் இல்லாமல். குழம்பு அவர் பொறுப்பு; சோறு வேகும் நேரத்தில் அவரைக் குப்பை கொட்ட அனுப்பிவிடுகிறார் அத்தை. எங்கள் சமையலறைச் சுவரில் அந்தக் காகிதப் பை இன்னும் இருக்கிறது. அம்மா வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள், கத்தியால் சுரண்டிப் பார்த்தாள், அப்புறம் அதன் மேலேயே காலண்டரை மாட்டிவிட்டாள்.