பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பாகற்காய்

பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முத்தையாபுரம் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு வந்த என் கணவர் அடுக்களையை எட்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இப்ப வந்துருவாவ. அத மொதல்ல எடுத்து உள்ள வையி.”

இந்த இடம் வேண்டாம் என்று மகள் நேற்றே சொல்லிவிட்டாள். இவர் காதில் வாங்கவில்லை.

விரலில் ஒட்டிய பச்சைக் கசப்பு வாசனை என்னைச் சித்தியிடம் கொண்டுபோய்விட்டது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வரும் நாளில் பாகற்காய் சமைக்க மாட்டார்கள், உறவு கசந்துவிடுமாம். சித்திக்கு டீச்சர் டிரெய்னிங்கை முடிக்க ஆசை. தாத்தாவோ ஓர் உப்பளக்காரர் மகனைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் பாயில் உட்கார்ந்ததும் சித்தி நல்லெண்ணெயில் பாகற்காயைப் போட்டாள். புளியும் கருப்பட்டியும் சேர்ந்து கொதித்த வாசனை தெரு வரை போனது. மாப்பிள்ளையின் அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏளா, என்னத்த வச்சிருக்க?” தாத்தா கத்தினார்.

“எனக்குப் பிடிச்சத வச்சிருக்கேன்” என்றாள் சித்தி.

அவர்கள் எழுந்து போனார்கள். சித்தி தட்டு நிறையச் சோறு போட்டு, அந்தக் குழம்பை ஊற்றி, நடுவீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. எண்ணெய் காய்ந்ததும் நறுக்கியது அத்தனையையும் சட்டியில் கொட்டினேன்.

“கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?” கணவர் பதறினார்.

“அந்த டேபிள் ஃபேன ஹால் பக்கமாத் திருப்பி வைங்க” என்றேன்.