பலகைக்கு அடியில் ஒரு பெயர்

நாற்பத்தாறு வயதிலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பியானோக்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் அந்தப் பட்டறையில் பாப்பா என்று கூப்பிட்டால் அவளிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய வேலை துளை போடுவது. பியானோவின் ஒவ்வொரு கம்பியும் ஓர் இரும்பு ஆணியில் சுற்றியிருக்கும். அந்த ஆணிகளெல்லாம் ஒரு கெட்டிப் பலகையில் இறங்கியிருக்கும். ஆணி தளர்ந்தால் சுருதி நிற்காது. பலகைக்கு இருநூற்று இருபத்துநான்கு துளை. ஆணியைவிட ஒரு மயிரிழை சிறியதாக, எல்லாம் ஒரே சாய்வில். ட்ரில் சூடேறினால் மரம் உள்ளே கருகிப்போகும், அந்தத் துளையில் ஆணி பிடிக்காது. அதனால் ஒரு துளை போட்டதும் காற்றுக்குழாயால் ட்ரில்லின் முனையை ஊதி ஆறவைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்ப்பாள். சுடவில்லை என்றால்தான் அடுத்தது. பதறாத காரியம் சிதறாது என்று வாயால் சொல்கிறவர்கள் நிறைய. அவளுடைய மணிக்கட்டில் பத்தொன்பது வருடத்துத் தழும்பு இருந்தது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. துளை போட்டவர் பலகையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் தன் பெயரை எழுத வேண்டும். விரல் வைத்து வாசிக்கும் கட்டைகளை மொத்தமாக வெளியே இழுத்தால்தான் அது கண்ணில் படும். அப்பா காலத்தில் அப்பா பெயர். பிறகு அண்ணன் பெயர். அவள் துளை போட வந்த பிறகும் அண்ணன் பெயரே.

ஒரே ஒரு முறை கேட்டாள்.

"வெளிய தெரியாத இடத்துல யார் பேர் இருந்தா என்ன பாப்பா?" என்றார் அண்ணன்.

'அப்ப என் பேர் இருந்தா என்ன?' என்ற பதில் அவளுக்கு அன்று மாலை வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் வந்தது. நல்ல பதில்கள் எல்லாம் அவளுக்கு இப்படித்தான் ஊர் சுற்றிவிட்டு வரும்.

போன வருடம் இசைப் பள்ளி டீச்சர் ஒருவரின் பியானோ வந்தது. நூற்று எண்பத்துநான்கு துளை முடித்திருந்தாள். தடித்த கம்பிகளுக்கான நாற்பதுதான் பாக்கி. அன்று காலை கண்ணாடி மாற்றக் கண் டாக்டரிடம் போய்விட்டு மதியம் திரும்பினாள். வாசலிலேயே தீய்ந்த வாடை.

"அத்தை, நாப்பதையும் முடிச்சிட்டேன். அரை மணி நேரம் கூட ஆகல!" என்றான் அண்ணன் மகன். முப்பது வயது, அடுத்த முதலாளி.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அவள் போட்ட துளைகளின் தூள் வெள்ளையாகக் கிடந்தது. அவன் போட்டதன் தூள் காபிப்பொடி நிறம்.

"அண்ணா, இந்தப் பலகை ஆகாது. வேற போடணும்."

"டீச்சருக்குத் தேதி சொல்லிட்டேன் பாப்பா. அதெல்லாம் பிடிச்சுக்கும்."

பிடிக்கவில்லை. மூன்றே மாதத்தில் பியானோ திரும்பி வந்தது. கூடவே டீச்சரும், சுருதி சேர்க்கிறவரும்.

"காலைல சுருதி ஏத்தி வச்சா சாயங்காலம் இறங்கிடுது. தடிச்ச கம்பி ஆணி எல்லாம் ஆடுற பல்லு மாதிரி இருக்கு" என்றார் சுருதிக்காரர். கட்டைகளை வெளியே இழுத்து, உள்ளே டார்ச் அடித்தார். "யார் துளை போட்டது?" என்று கேட்டுக்கொண்டே அடிப்பக்கத்தில் இருந்ததை உரக்கப் படித்தார்.

அவள் பெயர். முதலெழுத்தோடு, முழுதாக.

ஒரு கணம் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தக் கணத்துக்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கப் போவதில்லை. அடுத்த கணம் எழுத்து தெரிந்தது. சுழித்துச் சுழித்து எழுதும் அண்ணன் கை. பலகை நிற்காது என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

"தங்கச்சி வேலைங்க. கொஞ்ச நாளா கண்ணு சரியில்ல அதுக்கு. டாக்டர்கிட்ட எல்லாம் போய்ட்டு வந்துச்சு" என்றார் அண்ணன்.

டீச்சர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அண்ணன் மகன் கைப்பேசியைப் பார்த்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் நின்றன. பதில் இந்த முறையும் நேரத்துக்கு வரவில்லை.

"புதுசா போட்டுத் தரேன்" என்று மட்டும் சொன்னாள்.

போட்டாள். இருநூற்று இருபத்துநான்கும் அவளே. ஒவ்வொரு துளைக்கும் மணிக்கட்டு, ஒவ்வொரு துளைக்கும் வெள்ளைத் தூள். சோதித்துப் பார்த்த ஆணிகள் முரண்டுபிடித்துக்கொண்டு இறங்கின. அண்ணன் வந்து பலகையைத் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பலகையைப் புரட்டி, தன் பெயரை எழுதினார்.

அவள் சுவரோரம் சாய்த்திருந்த பழைய பலகையைத் தூக்கிக்கொண்டாள்.

"அது எதுக்கு பாப்பா? தூக்கிப் போடு."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"கெட்டுப்போன பலகைய வச்சு என்ன பண்ணப் போற?"

"பத்தொன்பது வருஷத்துல என் பேர் இருக்கிறது இது ஒண்ணுலதான் அண்ணா" என்றாள்.