மூன்று முறை மீட்ட வீடு

கோட்-டெ-நெய்ஜ் பகுதிச் சலவைக் கடையில் துணி உலரக் காத்திருக்கிறேன். நான் தமிழ்ப் பத்திரிகை படிப்பதைப் பார்த்து, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தன் அகதி மனுவை நீட்டுகிறார். நாளை விசாரணை.

“அண்ணை, எங்கட ஊரை மூண்டு ஆமி பிடிச்சது. ஒவ்வொண்டும் முந்தின ஆமியிட்டை இருந்து எங்களை மீட்டதாம். மூண்டு தரமும் வாசலிலை நிறைகுடம் வைச்சனாங்கள். மூண்டையும் சொன்னால் நம்பமாட்டினம், ஒண்டை மட்டும் சொல்லெண்டு லோயர் சொல்லுறார்.”

எந்த இரண்டை விடுவது என்று தயங்கிக் கேட்கிறேன்.

“முதல் வந்தவை கதவைக் கழட்டினவை. அடுத்து மீட்டவை கூரையைக் கழட்டினவை.” என் பேனாவை வாங்கி அந்த இரண்டு பத்திகளையும் வெட்டுகிறார்.

“கடைசியாக வந்தவர்கள்?”

“கழட்ட வீட்டிலை ஒண்டும் மிச்சமில்லை, அண்ணை. தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவை.”