தோற்றவள்தான் கூப்பிட வேண்டும்

துவைத்த போர்வையை உண்ணாமலை அக்கா கொடியில் விரிப்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே எறிவார். அது கயிற்றின் மேல் விழுந்து இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும். பழக்கடையில் சாத்துக்குடியை உள்ளங்கை படாமல் விரல்நுனிகளில் நிறுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். மாவட்டக் கூடைப்பந்து அணியில் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் சேர்ந்தவர். ஓய்வு நெருங்குகிறது. தனியாக இருக்கிறார். அவர் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு.

ஜூன் பிறந்தால் காலை ஆறு மணிக்குச் செல்போனும் காபி டம்ளருமாக மொட்டைமாடிக்கு வந்துவிடுவார். "இங்கதான் தம்பி சிக்னல் ஜாஸ்தி." அமெரிக்கக் கூடைப்பந்து இறுதித் தொடர் நமக்கு அந்நேரத்தில்தான் நேரலையில் வரும். நான்கு ஆட்டம் ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. அக்கா எப்போதும் மஞ்சள் சட்டை அணியின் பக்கம். அதில் நாற்பதை நெருங்கிய ஓர் ஆட்டக்காரர். அவரைப் பெயர் சொல்லி அக்கா குறிப்பிட்டதே இல்லை. 'பெரியவர்'தான்.

ஆபீசில் அக்காவோடு வேலை செய்யும் கோபி வீட்டுக்கு வந்தால் சீண்டுவார். "இன்னாக்கா, உங்க தாத்தாவுக்குப் பென்ஷன் பேப்பர் ரெடியா?"

"அவரு முட்டிவலி கூட உன்னவிட வேகமா ஓடும், போடா."

மாவட்ட அணியில் அக்காவோடு ஆடிய பொன்னி அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தார். தொடர் வந்தால் வேண்டுமென்றே எதிரணியைப் பிடித்துக்கொள்வார். இருவருக்கும் ஒரே சட்டம்: தோற்ற அணிக்காரிதான் முதலில் போன் போட்டு, "சேம்பியன் மேடம், வணக்கம்" என்று சொல்ல வேண்டும். மஞ்சள் சட்டைகள் இறுதிக்கு வந்தபோதெல்லாம் ஜெயித்ததால் அக்காவுக்கு அந்த வேலை வந்ததே இல்லை.

போன கார்த்திகை தீபத்தன்று இதே மாடியில்தான், மகனோடு ஓசூருக்குக் குடிபோவதாகப் பொன்னி அக்கா சொன்னார். மலையில் தீபம் ஏறி, தெருவெல்லாம் அரோகரா கேட்ட நேரம்.

"போயேன், உன்ன யாரு இங்க கட்டிப் போட்டிருக்கா?" என்றார் அக்கா.

பொன்னி அக்கா அப்போதே படியிறங்கிவிட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

"நீங்களே கூப்பிட்டுப் பேசலாமே," என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஒரு காரணமும் இல்லாம எப்படி தம்பி? அப்படிப் பேசிட்டு, இப்ப இன்னான்னு ஆரம்பிக்கிறது?"

இந்த வருடம் எதிரில் நீலச் சட்டை அணி. எல்லோரும் இளைஞர்கள். ஐந்து ஆட்டங்களில் மூன்றை எடுத்துவிட்டார்கள். ஆறாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் நீலம் ஒரு புள்ளி முன்னால். பந்து பெரியவர் கையில். எத்தனையோ கோப்பைகளை வாங்கித் தந்த அதே மூலையிலிருந்து அவர் எழும்பினார்.

"உள்ள போயிடாத... போயிடாத."

அக்காவின் குரல்தான். நான் திரையை விட்டு அவரைப் பார்த்தேன். மஞ்சள் இதையும் ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்துக் கோப்பை வாங்கிவிட்டால், ஓசூரிலிருந்துதான் போன் வர வேண்டும். வராமலே போய்விட்டால்?

பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. நீலச் சட்டைகள் கூட்டமாகத் துள்ளின. பெரியவர் இடுப்பில் கைவைத்து நின்றார். ஒரு நீலச் சட்டைப் பையன் மட்டும் துள்ளுவதை விட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான்.

"முடிஞ்சுபோச்சு தம்பி அவரு காலம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா ஆட்டத்தை மூடிவிட்டு, பொன்னி அக்காவின் எண்ணைத் தேடி அழுத்தினார். ரிங் போய்க்கொண்டிருந்தது. வீடியோ அழைப்பல்ல, சாதாரண அழைப்புதான். இருந்தும் அக்கா போனைக் காதில் வைத்தபடியே, மற்ற கையால் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கி, நைட்டி மேல் போட்டிருந்த துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.