கரண்டியால் மூன்று தரம்

என் கணவர் கூரையிலிருந்து விழுந்தது ஒரு முற்பகலில். மூத்த மகளின் சீதன வீடு முடிகிற நேரம் அது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். ஆள் பிடிக்காமல் தானே ஏறி ஓடு அடுக்கிக்கொண்டிருந்தார். காலடியில் கூரைச் சிலாகை ஒன்று முறிந்து, கிணற்றுக் கட்டில் தலை அடிபட விழுந்தார். நான் ஓடிப்போன போது கண் மூடிக் கிடந்தார். காதால் கொஞ்சம் இரத்தம். மூச்சு இருந்தது.

பொத்துவில் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தலைக்குள் அடி, கல்முனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அம்புலன்ஸ் ஒன்று நின்றது. நானும், என் கணவரைப் பெற்ற மாமியும் கூட ஏறினோம்.

எழுதப் படிக்க எனக்கு அவ்வளவு வராது. ஆனால் ஊரில் பிள்ளைப்பேறு என்றாலும் சாவு, மையித்து என்றாலும் என்னைக் கூப்பிடாமல் ஒரு வீட்டிலும் ஒன்றும் நடப்பதில்லை. நோயாளியைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்புலன்ஸில் நோயாளியோடு வருகிறவர் ஒரு தமிழ் மனிதர். மீசை நரைத்தவர். என் கணவரைப் பக்கவாட்டில் சரித்து, மேல் காலை மடித்து, கழுத்துக்கு இரண்டு பக்கமும் சீலை சுருட்டி அணை கொடுத்தார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. டோர்ச் அடித்து இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, இவரை நிமித்திப் போடக் கூடா. வாயில ஒண்டும் ஊத்தவும் கூடா."

"தாகமாயிருந்தா?"

"நினைவில்லாத ஆளுக்கு விழுங்க வராது. ஊத்தினா நெஞ்சுக்குள்ள இறங்கிரும்."

மாமி என் காதுக்குள் சொன்னார்: "இவர் பெரிய டொக்டர். காற்சட்டையப் பாரு, முட்டில ஒட்டுப் போட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிலையிலும் வந்தது.

கோமாரி ஊர் வருமுன்னே என் கணவருடைய தொண்டையில் கொரகொரவென்று சத்தம் எழும்பியது. அந்த மனிதர் இரண்டு விரலைத் தாடை எலும்பின் கீழே கொடுத்து முன்னுக்குத் தூக்கினார். சத்தம் நின்றது.

"நாக்கு பின்னுக்கு விழுகுது. அதான் சத்தம். வேற ஒண்டுமில்ல."

நான் அதைக் கண்ணால் கண்டேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று பிறகு சொல்ல வழியில்லை.

ரோட்டில் சோதனைச் சாவடிகள் வரத் தொடங்கியிருந்த காலம். ஓரிடத்தில் மறித்து, ட்ரைவரையும் அந்த மனிதரையும் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டோடு இறங்கி வரச் சொன்னார்கள். இறங்குமுன் என் விரலைப் பிடித்து அந்தத் தாடைக்குக் கீழே வைத்தார்.

"இப்பிடியே பிடிச்சிருங்க. கைய எடுக்காதீங்க. வந்திர்றன்."

பிடித்துக்கொண்டிருந்தேன். வெயில் தகரத்தைக் காய்ச்சியது. அவர்கள் வரவில்லை. விரல் மரத்துப்போய்க் கை வழுக்கியது. சத்தம் முன்னதைவிடப் பெரிதாக எழும்பியது.

"சக்கராத்து புள்ள," என்றார் மாமி. "இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு இரிக்காய்?"

உயிர் பிரிகிற வேதனைக்கு எங்களுக்குள் அதுதான் பெயர். அந்த நேரம் தொண்டை வறண்டு போகும், ஷெய்த்தான் தண்ணீரைக் காட்டி, அதற்கு விலையாக நம் ஈமானை, இறைநம்பிக்கையை, கேட்பான் என்று குர்ஆன் ஓதப்போன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதற்கு முன் நாம் தண்ணீர் கொடுத்து முந்திக்கொள்ள வேண்டும். மாமியின் மடியில் ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலும் ஒரு கரண்டியும் இருந்தன. மாமியின் கூடப்பிறந்த காக்கா ஹஜ்ஜுக்குப் போய்க் கொண்டுவந்த தண்ணீர்.

"பிடிச்சிருந்தாப் போதும் எண்டு அந்த அண்ணன் சொன்னார் மாமி."

"அவர் அவங்கட ஆக்களுக்குச் சொல்றது. நம்மட மனிசன நாமதான் பாக்கணும். நீ எத்தின பேருக்குக் குடுத்திரிக்காய். உன்ட புருசனுக்கு மட்டும் கை வராதா?"

அந்தப் பேச்சு எனக்குச் சுட்டது. அணையை எடுத்துவிட்டு அவரை நிமிர்த்தினேன். காதுக்குள் கலிமாவைச் சொல்லிக்கொண்டு கரண்டியால் மூன்று தரம் ஊற்றினேன். சத்தம் நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மாமி.

உதடு கறுத்துக்கொண்டு வந்ததை நான்தான் முதலில் கண்டேன்.

அந்த மனிதர் ஏறியதும் என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். ஏசவில்லை. ஒரே இழுவையில் அவரைச் சரித்து, வாய்க்குள் குழாயை விட்டு, காலால் மிதிக்கிற பம்பை மிதிக்கத் தொடங்கினார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது.

"எவ்வளவு?"

"மூணு கரண்டி."

கல்முனை வரைக்கும் அந்தக் கால் மிதித்துக்கொண்டே வந்தது.

இரண்டாம் நாள் என் கணவர் கண் திறந்தார். என் விரலை அழுத்தினார். மகளின் பெயரைச் சொல்ல வாய் எடுத்தார். டொக்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"தலையில இனிப் பயமில்ல. நெஞ்சுதான் பயம். காய்ச்சல் ஏறுது. வழியில ஏதும் குடிச்சாரா?"

"இல்ல," என்றேன்.

அம்புலன்ஸ் மனிதர் எழுதிக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டை அவர் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். மருந்தை மாற்றி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். அப்போது தொண்டையில் எந்தச் சத்தமும் இருக்கவில்லை. உண்மையான சக்கராத்து அவ்வளவு அமைதியாய் வந்து போனது.

புருசனை இழந்தவளுக்குரிய இத்தாவில் நான் வீட்டுக்குள் இருந்த நாலு மாதம் பத்து நாளும் பெண்கள் வந்தார்கள். மாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"ஸம்ஸம் குடிச்சிட்டு மௌத்தாகிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்குமா? நீங்க கூட இருந்த நஸீபு," என்பார்கள்.

"ஓம்," என்பேன். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். குனிந்தால் கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

இத்தா முடிகிற கிழமை மாமி தனியே வந்தார். பாயில் இருந்தார். பிறகு சொன்னார்:

"புள்ள, அவன் கண்ணத் துறந்தானே."

"ஓம் மாமி."

"டொக்டர் தலையில பயமில்ல எண்டானே. மறுகா எப்பிடி நெஞ்சில..."

பெற்றவர் அவர். கேட்க உரிமை உள்ளவரும் அவர் ஒருவர்தான். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து சுமந்திருக்கலாம். ஆனால் என் கைக்குப் பிழை வந்தது என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. அவருக்கு இரங்கித்தான் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

"அது ஸம்ஸம் மாமி," என்றேன். "கெடுதி செய்யுமா?"

"செய்யா," என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்லாட நாட்டம்," என்றார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.